பெட்டிக்குள் கிடார்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதினேன்: "என் வீட்டில் ஸ்பீக்கரைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துத்தான் ரெக்கார்டிங்." அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், தமிழ்நாட்டில் எலெக்ட்ரிக் கிடார் வைத்திருப்பவர்கள் எல்லோருமே அபார்ட்மென்டில்தான் இருக்கிறார்கள் போலிருக்கிறது. ஆகவே இந்த மாதம் முழுக்கப் பெட்டிதான். அதாவது ஐசோலேஷன் கேபினெட்: ஸ்பீக்கரையும் மைக்கையும் உள்ளே வைத்து மூடிவிட்டு, வெளியே ஹெட்போனில் கேட்டுக்கொண்டு வாசிக்கும் பெட்டி. ஃப்ளூட் மைக் பற்றிக் கேட்ட இருவரும் பொறுத்தருளவும்.

கே: இரண்டாம் மாடி ஃபிளாட். 15 வாட் ட்யூப் ஆம்ப் (வால்வில் ஓடும் ஆம்ப்ளிஃபயர்) வைத்திருக்கிறேன். வேலை முடிந்து வந்து இரவு பத்து மணிக்கு மேல்தான் வாசிக்க நேரம். ஐசோலேஷன் கேபினெட் ஒன்று செய்துவிட்டால் யாருக்கும் கேட்காமல் முழு வால்யூமில் வாசித்து ரெக்கார்ட் செய்யலாம் என்கிறார்கள். உண்மையா? என்ன அளவில் செய்யச் சொல்வது?
– வாசகர், மேடவாக்கம்

ப: "யாருக்கும் கேட்காமல்" என்பதை அடித்துவிட்டு மேலே படியுங்கள். பெட்டி சத்தத்தைக் குறைக்கும். விழுங்கிவிடாது.

கணக்கு இப்படி. விண்டேஜ் 30 மாதிரியான 12 இன்ச் செலஸ்டியன் ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தாலே, ஒரு மீட்டர் தள்ளி 100 டெசிபல் கேட்கும். உங்கள் 15 வாட்டையும் திறந்தால் 112-ஐத் தொடும். பொறுப்பாகச் செய்த பெட்டி அதில் சுமார் 30 டெசிபலைக் கழிக்கும். மிச்சம் 80 சொச்சம். அது சமையலறையில் மிக்ஸி ஓடுகிற சத்தம். அறைக் கதவைச் சாத்தினால், செங்கல் சுவரும் தன் பங்குக்குக் கழித்தால், பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேர்வது சொற்பம். பெட்டி தனியாக எதையும் சாதிக்காது. பெட்டி, கதவு, சுவர் மூன்றும் கூட்டணி.

"அப்படியானால் ஒரு வாட் ஆம்ப் வாங்கிவிடுகிறேன்" என்று உடனே கிளம்பாதீர்கள். 100 வாட்டிலிருந்து ஒரு வாட்டுக்கு இறங்கினால் குறைவது 20 டெசிபல்தான். காதுக்கு அது கால் பங்காகக் கேட்குமே தவிர நூறில் ஒரு பங்காக அல்ல. ஒரு வாட்டிலும் தாராளமாகச் சண்டை வரும்.

என் முதல் பெட்டியின் கதையைச் சொன்னால் அளவு பற்றிய கேள்விக்குப் பதில் வந்துவிடும். அப்போது ஆழ்வார்திருநகரில் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தேன். கீழே வீட்டுக்காரரும் அவர் அம்மாவும். ஆசாரியிடம் படம் போட்டுக் காட்டியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நாய்க்கு மூச்சு விட ஓட்டை எங்க சார்?" உள்ளளவு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, உயரம் இரண்டு அடி. 18 மி.மீ. பிளைவுட் ஒரே அடுக்கு. உள்ளே நாலு பக்கமும் ஸ்பாஞ்ச். ஸ்பீக்கரைத் திருகி, மைக்கைச் செருகி, மூடியைப் போட்டு வாசித்தால், ஹெட்போனில் கேட்டது கிடார் இல்லை. பானைக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி ஒரு குரல்.

காரணம் பிறகுதான் புரிந்தது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சத்தம் போய்ப் போய் மோதித் திரும்பும்போது, அந்த இடைவெளிக்குப் பொருத்தமான ஒரு சுருதி மட்டும் ஊதிப் பெருக்கும். ஒன்றரை அடி இடைவெளிக்கு அது 380 ஹெர்ட்ஸ் பக்கம் விழும். கிடாரின் நடு உடம்பே அங்கேதான் இருக்கிறது. நான் கட்டியது சதுரம் என்பதால் அகலமும் ஆழமும் ஒரே சுருதியில் ஊதின. போதாக்குறைக்கு, சின்னப் பெட்டியில் அடைபட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி ஸ்பீக்கரின் பேப்பர் கோனைப் பிடித்துத் தள்ளும். இயல்பாக 75 ஹெர்ட்ஸில் தளர்ந்து ஆடவேண்டிய கோன் அந்தப் பிடியில் விறைத்துக்கொள்ளும். தடித்த கம்பியின் அடிக்கனம் காணாமல் போகும். பெட்டிக்குள் ஸ்பீக்கருக்கு முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை, இரண்டையும் இறுக்கி அடைத்திருந்தேன் என்பதால் எனக்கு இரட்டை அடி.

ஆக, அளவு: உங்கள் அறை எவ்வளவு பெரிய பெட்டியைத் தாங்குமோ அவ்வளவு பெரிது. இப்போது என்னிடம் இருப்பது வெளியளவில் 105 செ.மீ. நீளம், 75 அகலம், 60 உயரம். மூன்று அளவும் வேறு வேறாக இருப்பது வேண்டுமென்றேதான். 18 மி.மீ. பிளைவுட் இரண்டு அடுக்கு. நடுவில், காருக்குள் இரைச்சலைக் குறைக்க ஒட்டுவார்களே, அந்த பியூட்டைல் ஷீட். அது சென்னை ஜி.பி. ரோட்டில் கார் ஆக்சசரி விற்கும் கடைகளில் கிடைக்கும். உட்புறம் ஸ்பாஞ்ச் இல்லை, 50 மி.மீ. ராக்வுல் (பாறையை உருக்கி நூற்ற பஞ்சு), துகள் பறக்காமல் இருக்க மேலே காடாத் துணி. ஸ்பாஞ்ச் கீச்சுச் சத்தத்தை மட்டும் தின்றுவிட்டு, பானைக் குரலை அப்படியே விட்டுவிடும். ராக்வுல்லைக் கையாளும்போது கையுறையும் முகமூடியும் கட்டாயம். நான் போடவில்லை, மூன்று நாள் சொறிந்தேன். பெட்டியின் எடை 80 கிலோவைத் தாண்டும். மாடிப்படித் திருப்பத்தில் நாலு பேர் என்னைத் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது. படிக்கட்டின் அகலத்தை முதலில் அளந்துவிட்டு ஆசாரியிடம் போங்கள்.

அடுத்தது ஓட்டை. இதில்தான் முக்கால்வாசிப் பெட்டிகள் தோற்கின்றன. பெட்டிப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும், மீதியை இரும்பால் செய்தாலும் 20 டெசிபலுக்கு மேல் அடைபடாது. வயர் போக ஒரு துளை போட்டுப் பஞ்சை அடைக்கிற வேலையே வேண்டாம். ஸ்பீக்கர் ஜாக் ஒன்று, மைக் வயருக்கு எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் ஜாக்) ஒன்று, இரண்டையும் ஒரு தகட்டில் பொருத்தி, சுற்றிலும் சிலிக்கான் போட்டு அடைத்துவிடுங்கள். மூடிக்கு ரப்பர் பீடிங் இரண்டு வரிசை, ஒவ்வொரு பக்கமும் இழுத்துப் பூட்டும் கொக்கி இரண்டு. பூட்டும்போது ரப்பர் நசுங்க வேண்டும். உள்ளே ஒரு டார்ச்சை எரியவிட்டு மூடி, அறை விளக்கை அணைத்துப் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடத்திலெல்லாம் சத்தமும் கசியும்.

ஓட்டையை அடைத்த பிறகும் என் முதல் பெட்டி காலை வாரியது. மேல்தளத்தில் நின்று போனில் டெசிபல் மீட்டர் ஆப் வைத்து அளந்தேன். அருமையான எண். மறுநாள் காலை வீட்டுக்காரரின் அம்மா கேட்டார்: "ஏம்ப்பா, ராத்திரி பதினோரு மணிக்கா மாவு அரைக்கிறீங்க?"

அவருக்குக் கிடார் கேட்கவே இல்லை. தடித்த கம்பியின் அதிர்வு மட்டும் தளத்தின் வழியாக இறங்கி கிரைண்டர் மாதிரி கேட்டிருக்கிறது. ஆப் ஏன் காட்டவில்லை? பெரும்பாலான ஆப்கள் 'ஏ' எடையில் அளக்கும். அந்த அளவையில் 100 ஹெர்ட்ஸ் சத்தம் உள்ளதைவிட 19 டெசிபல் குறைவாகப் பதிவாகும். கிடாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ். மாட்டிக்கொடுக்கும் சத்தத்தை மீட்டரே ஒளித்துவைக்கிறது. பழைய ஸ்கூட்டர் டியூப் இரண்டில் பாதி காற்று அடித்து, மேலே ஒரு பலகை, அதன் மேல் பெட்டி என்று மாற்றினேன். ஒரு வாரம் கழித்து அந்த அம்மா, "இப்பல்லாம் மாவு கடையிலயே வாங்கிடறீங்களா?" என்றார். அதைவிட நல்ல மீட்டர் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

கே: முட்டை அட்டை ஒட்டினால் போதாதா?
– வாசகர், கோவை

ப: முட்டைக்குப் போதும்.

கே: பெட்டிக்குள் மைக்கை எங்கே வைப்பது? மூடியபின் கை போகாதே. எஸ்எம்57 மைக் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் திறந்து, நகர்த்தி, மூடி, வாசித்து, மறுபடி திறந்து... அலுத்துவிட்டது.
– வாசகர், புதுச்சேரி

ப: அலுக்கத்தான் செய்யும். கோனின் நடுவில் குமிழ் மாதிரி இருக்கும் தொப்பியில் மைக் நேராக நின்றால் ஊசி குத்தும். ஓரத்துக்குப் போகப் போக மந்தமாகும். அரை அங்குல நகர்வில் ஆளே மாறிவிடுவார்.

பழைய சவுண்ட் இன்ஜினியர்கள் செய்யும் ஒரு வேலை சொல்கிறேன். கிடாரின் வால்யூமைப் பூஜ்யத்தில் வையுங்கள். ஆம்பின் கெயினை ஏற்றுங்கள். "ஸ்ஸ்ஸ்" என்று ஆம்பின் சொந்த இரைச்சல் வரும். மூடியைத் திறந்தே வைத்து, ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, மைக்கைக் கோனின் குறுக்கே மெதுவாக நகர்த்துங்கள். இரைச்சல் எங்கே மிகக் கூர்மையாகக் கேட்கிறதோ அது நடு. அங்கிருந்து ஓரத்தை நோக்கி வாருங்கள். கூர்மை மழுங்க ஆரம்பிக்கிற இடத்தில் நிறுத்துங்கள். கிடாரில் கைவைக்காமலே, அண்டை வீட்டாரை எழுப்பாமலே, இடம் கிடைத்துவிடும். பெரும்பாலும் அது தொப்பியும் கோனும் ஒட்டுகிற விளிம்பாக இருக்கும். கிரில் துணியில் அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி.

ஒன்று கவனியுங்கள். எஸ்எம்57-இன் நீளம் 15 செ.மீ.க்கு மேல். பின்னால் எக்ஸ்எல்ஆர் பிளக்கும் வயர் வளைவும் சேர்ந்தால் ஓர் அடிக்குப் பக்கத்தில் வரும். ஸ்பீக்கருக்கு எதிரே அந்த இடைவெளி இல்லாமல் பெட்டி செய்தவர்கள், வயரை மடக்கி மடக்கி உடைத்துவிட்டு எனக்குக் கடிதம் போடுகிறார்கள். இடம் இல்லையென்றால் சென்ஹைசர் ஈ609 மாதிரி பக்கவாட்டில் கேட்கும் தட்டை மைக் நல்லது. மைக்கை ஸ்பீக்கருக்கு மிகவும் ஒட்டிவைத்தால் அடிச்சத்தம் வீங்கும். பெரிய பெட்டியில் அது தொல்லை; சின்னப் பெட்டியில், தொலைந்துபோன அடிக்கனத்தைக் கொஞ்சம் திருப்பித் தருவதால் வரவு. பானைக் குரல் அப்போதும் மிச்சமிருந்தால், மிக்ஸில் ஈக்யூவை எடுத்து 300 முதல் 400 ஹெர்ட்ஸுக்குள் தேடி, குறுகலாக மூன்று நான்கு டெசிபல் வெட்டுங்கள். பத்து டெசிபல் வெட்டத் தோன்றினால் ஈக்யூவை விட்டுவிட்டு ஆசாரியைக் கூப்பிடுங்கள்.

கே: சத்தம் வேண்டாம் என்று ட்யூப் ஆம்பின் ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு, லைன் அவுட்டிலிருந்து ரெக்கார்ட் செய்தேன். இருபது நிமிஷத்தில் கருகல் வாசனை. இப்போது ஆம்ப் பேசவில்லை. பெட்டிக்குள் வைத்திருந்தால் தப்பித்திருக்குமா?
– வாசகர், திருச்சி

ப: அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போயிருக்கும் என்று தோன்றுகிறது. வருத்தமாக இருக்கிறது, ஆனால் திட்டாமலும் இருக்க முடியவில்லை. ட்யூப் ஆம்புக்கு ஸ்பீக்கர் என்பது வெறும் வாய் இல்லை, சுமை. அது இல்லாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி இன்சுலேஷனைத் துளைத்துவிடும். ஸ்பீக்கர் அல்லது அதற்கு ஈடான லோட் இல்லாமல் ட்யூப் ஆம்பை வாசிக்கவே கூடாது. டிரான்ஸிஸ்டர் ஆம்ப் இந்த விஷயத்தில் சாது. ஆனால் அதன் வயரை ஷார்ட் செய்துவிட்டால் அதுவும் பழிவாங்கும். நல்ல டெக்னீஷியனிடம் காட்டுங்கள். டிரான்ஸ்ஃபார்மரை மாற்றி உயிர்ப்பிக்க முடியும்.

பெட்டி இருந்திருந்தால் தப்பித்திருக்கும். ஸ்பீக்கர்தான் உள்ளே போகும், ஆம்ப் எப்போதும் வெளியே. எட்டு ஓம்ஸ் ஸ்பீக்கர் என்றால் ஆம்பின் எட்டு ஓம்ஸ் ஜாக். இரண்டுக்கும் நடுவே போவது ஸ்பீக்கர் வயர். கிடாருக்குப் போடுகிற ஷீல்டு வயர் அல்ல. முனை ஒரே மாதிரி இருப்பதால் பலரும் இதில் ஏமாறுகிறார்கள்.

கே: இரும்பு பீரோவுக்குள் காம்போ ஆம்பை வைத்துக் கதவைச் சாத்தினேன். சத்தம் குறைந்தது. ஆனால் ஏதோ கலகலக்கிறது.
– வாசகர், தூத்துக்குடி

ப: பீரோதான் கலகலக்கிறது. அந்தத் தகடு ஒரு தம்பட்டம். ஆம்பை உடனே வெளியே எடுங்கள். காம்போ என்றால் ஸ்பீக்கரும் ஆம்பும் ஒரே கூட்டில். காற்றோட்டம் இல்லாத இடத்தில் அது வெந்துவிடும். மர அலமாரி இருந்தால், தனி ஸ்பீக்கரை மட்டும் துணிகளுக்கு நடுவே வைத்து மைக் போடலாம். பட்டுப் புடவைகள் எதிரொலியை நன்றாகத் தின்னும். கேட்டுவிட்டு வையுங்கள்.

கே: இந்தக் காலத்தில் யார் சார் பெட்டி செய்கிறார்கள்? லோட் பாக்ஸ், ஐஆர் என்று எவ்வளவோ வந்துவிட்டது. பழைய ஆள் என்ற பிடிவாதமா?
– வாசகர், பெங்களூரு

ப: பாதி பிடிவாதம். மீதிப் பாதிக்குக் காரணம் சொல்கிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: லோட் பாக்ஸ் என்பது ஸ்பீக்கர் இடத்தில் உட்கார்ந்து ஆம்பின் சக்தியைச் சூடாக மாற்றிவிடும் கருவி. ஐஆர் என்பது ஏதோ ஒரு ஸ்டூடியோவில், ஏதோ ஒரு ஸ்பீக்கரும் மைக்கும் சேர்ந்து எப்படிப் பேசின என்பதன் அச்சு. இரண்டும் சேர்ந்தால் சத்தமே இல்லாமல் நல்ல ரெக்கார்டிங் கிடைக்கும். இந்த யோசனையின் தாத்தாவுக்கே வயதாகிவிட்டது. 'பாஸ்டன்' என்ற ராக் குழுவின் டாம் ஷோல்ஸ் எம்ஐடியில் படித்துவிட்டு போலராய்ட் கேமரா கம்பெனியில் வேலை பார்த்த இன்ஜினியர். 1976-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தின் பெரும்பகுதியை வீட்டு நிலவறையில் பதிவு செய்தவர். ஆம்பை முழுக்கத் திறந்து, ஸ்பீக்கருக்கு மட்டும் கொஞ்சமாக அனுப்பும் 'பவர் சோக்' என்ற கருவியை 1980-இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தார். நம் பிரச்சினை அவருக்கும் இருந்திருக்கிறது.

இரவு வேலைக்கு மட்டும், கீழ்வீட்டுக்குத் துளி அதிர்வும் போகக்கூடாது என்றால், லோட் பாக்ஸ்தான் சரி. மேடவாக்கத்துக்காரரும் இதைப் படிக்கட்டும். பெட்டி எந்நாளும் அந்த மௌனத்தைத் தராது. இன்னொரு குறையும் உண்டு: கிடாரை ஆம்பின் முன்னால் பிடித்தால் கம்பி தானாக அழுமே, அந்த ஃபீட்பேக் பெட்டியிலும் வராது, லோட் பாக்ஸிலும் வராது. ஸ்பீக்கரும் கம்பியும் ஒரே காற்றில் இருந்தால்தான் அது நடக்கும்.

பிறகு ஏன் வைத்திருக்கிறேன்? அழுத்தி அடிக்கும்போது பேப்பர் கோன் திணறும். அந்தத் திணறல் அடிக்கு அடி மாறும். ஐஆர் மாறாத அச்சு. மெதுவாக வாசித்தாலும் ஓங்கி வாசித்தாலும் அதே முகம். கேட்பவர்கள் பத்தில் எட்டுப் பேருக்கு வித்தியாசம் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். வாசிக்கிற என் கைக்குத் தெரிகிறது. விளம்பரப் பாட்டுக்கு அவசரமாக எட்டு வினாடி கேட்டால் நானும் ஐஆர்தான் போடுவேன்.

கே: ரெடிமேடாக வாங்கலாமா? மூடியே வைத்திருந்தால் பூஞ்சை பிடிக்குமா?
– வாசகர், நாகர்கோவில்

ப: ரிவெராவின் சைலன்ட் சிஸ்டர் மாதிரி வெளிநாட்டுப் பெட்டிகள் உண்டு. உள்ளே வளைந்து வளைந்து போகும் காற்றுப்பாதை வைத்திருப்பதால் கோன் விறைப்பதில்லை. வளைவுகளில் சத்தம் தேய்ந்துவிடும். இந்த யோசனையை உங்கள் ஆசாரி திருடலாம். ஆனால் அந்த எடைக்குக் கப்பல் கூலியும் சுங்கமும் சேர்ந்தால் இன்னொரு கிடார் வாங்கிவிடலாம்.

பூஞ்சை கட்டாயம் பிடிக்கும், அதுவும் கடலோர ஊரில். வாசித்து முடித்ததும் ஸ்பீக்கரின் சூடு உள்ளே தங்கியிருக்கும். மூடியை ஒரு மணி நேரமாவது திறந்து வையுங்கள். மைக்கை உள்ளேயே விடாதீர்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டால் நல்லது. நான் மூன்று மாதம் வெளியூர் போய்த் திரும்பியபோது காடாத் துணியில் பச்சையாக ஒரு தேசப்படம் இருந்தது.

கே: எனக்குக் கிடார் தெரியாது. என் பேரன் இந்தப் பத்திரிகை வாங்குகிறான், அதில் எழுதுகிறேன். மாடி வீட்டுப் பையன் தினமும் இரவு ஏதோ வாசிக்கிறான். பாட்டு கேட்கவில்லை, கட்டில் மட்டும் அதிர்கிறது. கேட்டால், "பெட்டிக்குள்தான் தாத்தா வாசிக்கிறேன், வெளியே கேட்காது" என்கிறான். போலீசுக்குப் போவதா?
– வாசகர், மந்தைவெளி

ப: ஐயா, வணக்கம். சட்டம் உங்கள் பக்கம்தான். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல்தான் வரம்பு. ஆனால் அங்கே போகவேண்டாம். பையன் பொய் சொல்லவில்லை. அவன் நிற்கும் இடத்தில் உண்மையிலேயே கேட்காது. போனில் அளந்தும் பார்த்திருப்பான். அந்தப் பெட்டி அநேகமாகத் தரையில் நேராக உட்கார்ந்திருக்கும். இரண்டு ஸ்கூட்டர் டியூபும் ஒரு பலகையும் வாங்கச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தையும் கிழித்துக் கொடுங்கள், பேரனிடம் சொல்லிவிட்டு.

அதற்கும் மசியவில்லை என்றால், ஒருநாள் இரவு அவனை உங்கள் கட்டிலில் படுக்கச் சொல்லிவிட்டு நீங்கள் மாடி ஏறுங்கள். கிடாரை மடியில் வைத்தால் உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் இருப்பதுதான் தடித்த கம்பி. அதை மட்டும் கட்டைவிரலால் அடித்துக்கொண்டே இருங்கள். ஐந்து நிமிஷம் போதும்.